ஒரு நீலத் துணிக்கு ஏன் இவ்வளவு பயம்?

இலங்கையில் ஒரு பிள்ளை தரம் 1 தொடக்கம் தரம் 11 வரை சமயம் படிக்கவேணும். கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தம். சமயப் பாடத்துக்கு மணி அடித்தவுடன் வேற்றுச் சமயப் பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வேறு வகுப்புக்கோ மரத்தடிக்கோ போய்விடுவார்கள். பதினொரு வருசம் இப்படிப் படித்து, சாதாரண தரத்தில் சமயத்துக்கு ‘ஏ’யும் எடுத்த பிள்ளையிடம், பக்கத்து மேசையில் இருந்தவள் ஏன் தலையை மூடியிருந்தாள் என்று கேட்டுப் பாருங்கோ. தெரியாது. கேட்கக் கூடாது என்பது மட்டும் நல்லாத் தெரியும்.

அந்தத் தெரியாமைக்குள் ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைப்பது பெரிய குற்றம் என்று இந்த வருசம் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது சுருக்கமாக இது. எங்கள் குழுவில் ஆறு பேர், வலிகாமத்துப் பக்கம் உள்ள ஒரு ஆரம்பப் பாடசாலையில் கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் கதை வாசித்து வந்தோம். பாடசாலையின் பெயர் இங்கே தேவையில்லை. அதைச் சொன்னால் அந்தப் பாடசாலை மட்டும்தான் இப்படி என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். ‘த ப்ரவுடெஸ்ட் ப்ளூ’ என்ற ஆங்கிலப் படப் புத்தகத்தின் பிரதி ஒன்று ஸ்காபரோவில் இருந்து எங்களுக்கு வந்தது. ஒரு தோழியின் ஒன்றுவிட்ட அக்கா, தன் மகன் வாசித்து முடித்ததை அனுப்பியிருந்தா. எங்கள் கைத்தமிழில் மொழிபெயர்த்து, பக்கத்துக்குப் பக்கம் துண்டு ஒட்டி, தரம் 4 பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிக்காட்டி வாசித்தோம். இரண்டு நாள் கழித்து ஒரு பெற்றோர் தொலைபேசி எடுத்தாராம். அதற்கு அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். “சமயம் சம்பந்தப்பட்டது வேண்டாம் பிள்ளையள், பஞ்சதந்திரம் எதையாவது வாசியுங்கோ” என்று எங்களிடம் சொல்லப்பட்டது. மூன்று கிழமைக்குப் பிறகு, பஞ்சதந்திரமும் வேண்டாம், புலமைப்பரிசில் வகுப்புக்கு அறை தேவைப்படுது என்றார்கள்.

புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கு? எழுதியவர் இப்திஹாஜ் முஹம்மத், கூட எழுதியவர் எஸ்.கே. அலி, படங்கள் ஹாதெம் அலி. 2019இல் வந்தது. இப்திஹாஜ் ஒரு வாள்வீச்சு வீராங்கனை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாப் அணிந்தபடி அமெரிக்காவுக்காக விளையாடி அணியோடு வெண்கலம் வென்றவர். கதையைச் சொல்வது பைஸா என்ற சின்னப் பிள்ளை. அவளுடைய அக்கா ஆசியா முதன்முதலாக ஹிஜாப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் நாள் அது. கடலும் வானமும் மாதிரி ஒரு நீலத் துணி. பைஸாவுக்கு அக்கா ஒரு இளவரசி மாதிரித் தெரிகிறாள். முற்றத்தில் சில பெடியங்கள் சிரிக்கிறார்கள். ஒருவன் அதை மேசைவிரிப்பு என்கிறான், இழுத்துக் கழற்றுவேன் என்கிறான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் சிநேகிதிகளோடு போகிறாள். தங்கச்சி அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. மதமாற்றம் இல்லை, பிரசங்கம் இல்லை. கேலி செய்பவர்களுக்கு ஓவியர் முகமே வரையவில்லை, நிழல் மாதிரி விட்டிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். “அக்கா, உவங்களுக்கு ஏன் முகம் இல்லை?”

பிறகு வந்த கேள்விகளைக் கேட்டிருந்தால் தொலைபேசி எடுத்த பெற்றோரும் சிரித்திருப்பார்கள். உள்ளுக்குத் தலைமயிர் இருக்குமா? வெக்கை எடுக்காதா? ஊசி குத்தினால் மண்டையில் ஏறாதா? படுக்கேக்கயும் போடுறதா? பேன் வந்தால் என்ன செய்யிறது? ஒரு பெட்டை எழும்பி, தன் அம்மம்மாவும் சேர்ச்சுக்குள் போகும்போது சீலைத் தலைப்பால் தலையை மூடுவா என்றாள். இன்னொருவன், நல்லூரில் அப்பாவின் சேர்ட்டைக் கழற்றச் சொல்லுறவை, இதிலை தலையைப் போடச் சொல்லுறவை, சாமிமாருக்கு உடுப்பிலை சரியான கவனம் என்றான். ஒப்பீட்டுச் சமயம் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க இழுக்கிற விசயத்தை ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு நிமிசத்தில் சொல்லி முடித்தது.

இனி எங்களுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களுக்கு வருவம்.

முதலாவது: “எங்கடை பள்ளிக்கூடத்திலை முஸ்லிம் பிள்ளையளே இல்லை, பிறகேன் உந்தப் புத்தகம்?” இதைச் சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் ஏன் இல்லை என்ற கேள்வி அவருக்கு வரவில்லை பாருங்கோ, அங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. 1990 ஒக்ரோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த ஒக்ரோபர் மாதத்தில் வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். சோனகதெரு வெறிச்சோடிப் போனது. ஒஸ்மானியாக் கல்லூரியின் வகுப்பறைகள் வெறுமையாகின. அந்த வருசம் பிறந்த பிள்ளை இன்று தரம் 4 பிள்ளைக்கு அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கும் வயதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்காமலே வளர்ந்த ஒரு முழுத் தலைமுறை அது. முஸ்லிம் என்றால் அவர்களுக்குத் தொலைக்காட்சியில் வருகிற ஆள், அல்லது சாமான் விற்க வருகிற ஆள். சிநேகிதப் பிள்ளை இல்லை. கொப்பி இரவல் வாங்கின ஆள் இல்லை.

ஆக, பிள்ளைகள் இல்லாதபடியால் புத்தகம் தேவையில்லை என்பது, வீட்டை விட்டு ஆளைக் கலைத்துப்போட்டு, கதிரை வெறுமையாத்தானே கிடக்கு என்று சொல்வது மாதிரி. ஏ.எம்.ஏ. அஸீஸ் என்ற பெயரை எங்கள் வயதில் எத்தனை பேருக்குத் தெரியும்? யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். பிறகு 1948 தொடக்கம் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபர். அவர் படித்த காலத்தில் இந்த ஊரில் ஒரு இந்துக் கல்லூரி வகுப்புக்குள் முஸ்லிம் பெடியன் இருப்பது புதினம் இல்லை. இன்று ஒரு முஸ்லிம் பிள்ளையின் படம் இருப்பதே புதினம்.

இரண்டாவது நியாயம்: “உடுப்பு ஒரு சின்ன விசயம், அதுக்குள்ள ஏன் அரசியலைக் கொண்டாறியள்?”

உடுப்பைச் சின்ன விசயம் என்று சொல்லும் உரிமை உலகத்தில் யாருக்கு இருந்தாலும் யாழ்ப்பாணத்தாருக்கு இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கக்கூடாது, தோளில் சால்வை போடக்கூடாது, நகை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று சட்டம் வைத்த ஊர் இது. எழுதப்படாத சட்டம், ஆனால் மீறினால் அடி விழும். குடாநாட்டில் இன்னும் உயிரோடிருக்கும் கிழவர்மார் சொல்லுவினம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கிற உரிமைக்காகத் தலைமுறைக் கணக்கில் போராடி 1859இல் அரசாணை வாங்கிய தோள்சீலைப் போராட்டம் எங்களுக்குப் பாடப்புத்தகக் கதை மாதிரித் தெரியும். அதன் யாழ்ப்பாணப் பதிப்புத்தான் யாருக்கும் தெரியாது. 1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேணும் என்ற சம ஆசன உத்தரவு வந்தபோது, அதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் எங்கள் ஊரார்தான். அன்றைக்கும் சிலபேர் கேட்டிருப்பார்கள், “வாங்கு ஒரு சின்ன விசயம், ஏன் உதைப் பெரிசுபடுத்திறியள்?” சம ஆசனத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் முக்கியமானது. ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் அப்போது எங்களை விடப் பெரிய வயதுக்காரர் இல்லை.

இன்னொன்று. 1983 ஜூலையில் கொழும்பில் பஸ்ஸை மறித்து ஏறியவர்கள் தமிழரை எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? பொட்டை வைத்து. தோட்டை வைத்து, காது குத்தின அடையாளத்தை வைத்து. வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டு, உச்சரிப்பை வைத்து. நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு, தாலியை மறைத்துக்கொண்டு, சிங்கள வீட்டுக்காரர் தந்த உடுப்பில் தப்பி வந்த பெண்களின் கதை எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். ஒரு பெண்ணின் உடம்பில் இருக்கிற சமய அடையாளத்தைப் பார்த்து அவளை என்ன செய்யலாம் என்று மற்றவன் தீர்மானிப்பது எப்படி இருக்கும் என்பதை உலகத்தில் வேறு யாரும் எங்களுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அந்த அம்மம்மாவின் பேரப்பிள்ளைக்குத்தான், தலைத்துணியை இழுப்பேன் என்று மிரட்டப்பட்ட பிள்ளையின் கதை வேண்டாமாம்.

நீனா சப்னானியின் ‘முகுந்த் அண்ட் ரியாஸ்’ என்று ஒரு படப் புத்தகம் இருக்கிறது. சென்னைத் தூலிகா பதிப்பகம் போட்டது. 1947 கராச்சி. ரியாஸ் முஸ்லிம் பெடியன், முகுந்த் இந்துப் பெடியன், உயிர்ச் சிநேகிதர். பிரிவினைக் கலவரத்தில் முகுந்தின் குடும்பம் தப்பி ஓடவேண்டி வரும்போது, ரியாஸ் தங்கள் ஆட்கள் போடுகிற உடுப்பைக் கொண்டுவந்து கொடுத்து அவர்களைத் துறைமுகம் வரை சேர்ப்பான். படங்கள் முழுக்கத் துணி ஒட்டுவேலை. துணிதான் கதை, துணியால்தான் படமும். எழுதியவர் தன் தகப்பனின் ஞாபகத்தில் இருந்து எடுத்த கதை. இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாது என்று நம்புகிறோம். வீட்டில் போய் அம்மம்மாவைக் கேட்டாலே போதும்.

மூன்றாவது நியாயம் கொஞ்சம் கெட்டித்தனமானது. “அபாயா, ஹிஜாப் எல்லாம் அரபுக் கலாசாரம். எங்கடை மண்ணுக்குரியது இல்லை.” இதைத்தான் 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி வாசலிலும் கேட்டோம். முஸ்லிம் ஆசிரியைகள் அபாயாவோடு வரக்கூடாது, சேலைதான் கட்டவேணும் என்று ஆர்ப்பாட்டம். ஆசிரியைகள் இடம் மாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு அந்த ஆசிரியைகளின் பக்கம்தான் நியாயம் என்று சொன்னது. ஆனாலும் 2022 பெப்ரவரியில் ஒரு ஆசிரியை கடமைக்குத் திரும்பிய அன்று மறுபடியும் குழப்பம். அந்த வாசலில் நின்றவர்கள் சிங்களப் பேரினவாதிகள் இல்லை. தமிழர்கள். பெற்றோர், பழைய மாணவிகள். எங்கள் தெருவில் இருக்கிற ஆட்கள் மாதிரியே.

சரி, மண்ணுக்குரியதைப் பற்றிக் கதைப்பம். எங்கள் பெடியங்கள் மே மாத வெயிலில் கழுத்தில் கட்டிக்கொண்டு போகிற ரை எந்த மண்ணுக்குரியது? பண்பாட்டின் சின்னம் என்று சொல்கிற சேலையோடு போடுகிற பிளவுஸ் இந்த வடிவத்துக்கு வந்த கதையில் மிஷனரிமாருக்கும் வெள்ளைக்காரக் காலத்துக்கும் எவ்வளவு பங்கு? திருக்குடும்பக் கன்னியர்கள் பிரான்சில் இருந்து யாழ்ப்பாணம் வந்தது 1862இல். தலையை மூடி, உடம்பு முழுக்க மூடி, நீண்ட அங்கியோடு. அந்தக் கோலத்தில்தான் ஒன்றரை நூற்றாண்டாக எங்கள் பூட்டி, அம்மம்மா, அம்மா எல்லாருக்கும் எழுத்துப் படிப்பித்தார்கள். சைவ வெள்ளாளக் குடும்பங்கள் வரிசையில் நின்று இடம் எடுத்துக் கொடுத்தன, இப்பவும் எடுக்கினம். “கன்னியாஸ்திரி முக்காடு பிரெஞ்சுக் கலாசாரம், கழற்றிப்போட்டு சேலை கட்டிக்கொண்டு வாங்கோ” என்று ஒரு பெற்றோராவது பதாகை பிடித்ததாகக் கேள்விப்படவில்லை. கார்த்திகை மாதம் ஐயப்பன் மாலை போட்ட மாஸ்ரர் கறுப்பு உடுப்போடு வந்தால் “சாமி” என்று கும்பிடுகிறோம். துணியின் நீளமோ நிறமோ வெளிநாடோ பிரச்சினை இல்லை என்பது இதிலேயே தெரியவில்லையா? யார் அதற்குள் இருக்கிறார் என்பதுதான் பிரச்சினை.

வேடிக்கை என்னவென்றால், யாழ்ப்பாணத்தானுடைய தலை உடுப்புக்காக ஒரு நாடே கொதித்த கதையும் இருக்கு. 1905இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் அப்புக்காத்து எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வழக்காடக் கூடாது என்று பிரதம நீதியரசர் லயாட் மறுத்தார். முஸ்லிம்கள் கிளர்ந்தார்கள். அந்த வருசம் டிசம்பர் 31 மருதானைப் பள்ளிவாசலில் மாபெரும் கூட்டம் நடந்தது, மனுக்கள் போயின, கடைசியில் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது. இலங்கை முஸ்லிம் அரசியல் விழிப்பின் தொடக்கங்களில் ஒன்று என்று அதை எழுதுவார்கள். எங்கள் ஊர்க்காரன் ஒருவனின் தலையில் இருந்து தொடங்கிய கதை. யாழ்ப்பாண வரலாறு என்று நாங்கள் புரட்டுகிற புத்தகங்களில் இது எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கோ.

இப்படியே போனால் உடுப்புச் சண்டை யாரில் வந்து முடியும் என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஏப்ரல் 29 அன்று அவசரகால ஒழுங்குவிதியில் தடை செய்யப்பட்டது முகத்தை மூடுவது மட்டும். ஆனால் முகம் மூடாத, தலை மட்டும் மூடிய பெண்களும் அலுவலக வாசல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் மறிக்கப்பட்டார்கள். அடுத்த மாதம், அரச அலுவலகத்தில் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் உடுக்கவேணும் என்று சுற்றறிக்கை வந்தது. அது முஸ்லிம் பெண்ணுக்கு மட்டும் இல்லை, சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன எல்லாப் பெண்ணுக்கும். எதிர்ப்பு வந்தபிறகு மாற்றினார்கள். 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடி உச்சத்தில், சேலை கட்டி வரக் கட்டாது என்று சில ஆசிரியைகள் வேறு வசதியான உடுப்பில் பள்ளிக்கூடம் போனபோது என்ன கூத்து நடந்தது என்று ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலும் 2016இல் பெடியங்களுக்குத் தாடியும் டெனிமும் ரீசேட்டும் கூடாது, பெட்டையள் வெள்ளிக்கிழமை சேலை கட்டவேணும் என்று ஒரு அறிவித்தல் கிளம்பி நாடு முழுக்கச் சந்தி சிரித்தது. நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அபாயாவைக் கழற்று என்றவர்களும் வெள்ளிக்கிழமை சேலை கட்டு என்றவர்களும் கைப்பிடித்திருப்பது ஒரே கயிறைத்தான்.

2024இலும் பாருங்கோ. உயர்தரப் பெறுபேறு வந்த அன்று திருகோணமலை ஸாஹிராவைச் சேர்ந்த 70 மாணவிகளின் பெறுபேறு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. பரீட்சையில் காதை மூடியிருந்தார்களாம், உள்ளே புளூடூத் இருக்கலாமாம். பிறகு பெறுபேறு வெளிவந்தது. ஆனால் பதின்மூன்று வருசம் படித்த படிப்பின் முடிவுக்குக் காத்திருந்த அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பார்? சந்தேகம் இருந்தால் பெண் மேற்பார்வையாளர் ஒருவர் பரீட்சைக்கு முன்னம் தனி அறையில் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஐந்து நிமிச வேலை.

நான்காவது ஒரு நியாயம் இருக்கு. இது பெற்றோரிடம் இருந்து வரவில்லை, எங்கள் தோழர்களிடம் இருந்து வந்தது. அதனால் இதற்குத்தான் கூட நேரம் எடுத்தோம், குழுவுக்குள்ளேயே இரண்டு இரவு சண்டை பிடித்தோம். “பெண்ணியம் கதைக்கிற நீங்கள் ஒரு சின்னப் பிள்ளை தலையை மூடுவதைப் போய்க் கொண்டாடுறியளே? ஈரானிலை பெண்கள் அதை எரிக்கினம்.”

எரிக்கிறார்கள்தான். 2022 செப்ரெம்பரில் ஜினா மஹ்சா அமினி ஒழுக்கப் பொலிஸின் காவலில் இறந்தபிறகு ஈரானியப் பெண்கள் தெருவில் துணியைக் கழற்றி எரித்தபோது நாங்களும் அவர்கள் பக்கம்தான். அதே வருசம் கர்நாடகத்தில், உடுப்பி அரசுக் கல்லூரி வாசலில் ஹிஜாப்போடு மறிக்கப்பட்ட மாணவிகளின் பக்கமும் நின்றோம். மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தடை சரி என்றது. ஒக்ரோபர் 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் இரண்டு மாதிரித் தீர்ப்பு எழுதினார்கள். இதற்கிடையில் பெட்டையள் வகுப்பை இழந்தார்கள். தெஹ்ரானில் போடு என்றது அரசு. உடுப்பியில் கழற்று என்றதும் அரசு. இந்த இரண்டு இடத்துப் பெண்களோடும் ஒரே நேரத்தில் நிற்பதில் முரண்பாடு இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. அது அவளது தெரிவு என்று சொல்லிவிட்டுத் தப்பி ஓடவும் நாங்கள் தயாரில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தெரிவு எவ்வளவு தெரிவு என்பது நியாயமான கேள்வி. எங்கள் பெட்டையளுக்குப் பெரியபிள்ளையானவுடன் தாவணியையும் கட்டுப்பாட்டையும் போட்டபோது யாராவது தெரிவு கேட்டதா? கிழக்கிலே, சேலை முக்காட்டோடு வாழ்ந்த தாய்மாரின் மக்கள் எப்படிக் கறுப்பு அபாயாவுக்கு மாறினார்கள், அதில் வெளிநாட்டுப் பணத்துக்கும் பள்ளிவாசல் அரசியலுக்கும் என்ன பங்கு என்று முஸ்லிம் பெண்களே கேட்கிறார்கள், எழுதுகிறார்கள். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தவேணும் என்று வருசக்கணக்காகத் தங்கள் சமூகத்துக்குள்ளே ஏச்சு வாங்கிக்கொண்டு போராடுபவர்களும் அவர்கள்தான். அந்த விவாதம் அவர்களுடையது. அவர்கள் கேட்டால் கூட நிற்பம். அந்த விவாதத்தை முடித்துக்கொண்டு வந்தால்தான் உங்கள் பிள்ளையை எங்கள் வகுப்பில் கேலி செய்யாமல் இருப்பம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. தரம் 4 வகுப்பில் ஒரு பிள்ளை தீர்மானிக்கவேண்டியது ஹிஜாப் சரியா பிழையா என்று இல்லை. முன்னுக்கு இருக்கிறவளின் துணியை இழுக்கலாமா என்பதைத்தான். அதற்கு ஒன்பது வயது காணும்.

இதைச் சொல்கிறபடியால் புத்தகத்தில் குறையே இல்லை என்று நினைக்கவேண்டாம். ஒரேயடியாகப் பெருமிதம், பெருமிதம் என்று போகிறது. ஆசியாவுக்கு ஒரு கடி, ஒரு வெக்கை, ஒரு தயக்கம்கூட இல்லை. எங்கள் பிள்ளைகள் கேட்ட பேன் கேள்விக்குப் புத்தகத்தில் இடமே இல்லை. கேலி செய்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை. ஒரு ரீச்சராவது வந்து “டேய்” என்றிருக்கலாம். அமெரிக்கப் பள்ளிக்கூடம், அமெரிக்கக் குடும்பம், தங்கச்சியின் கால் மின்னுகிற சப்பாத்து. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் கதை முடிய அந்தச் சப்பாத்தைத்தான் கேட்டார்கள். பல சமயத்தாரின் தலை உடுப்புகளை வரிசையாகக் காட்டும் ‘ஹட்ஸ் ஒப் பெய்த்’ என்ற அட்டைப் புத்தகமும் இருக்கு. சீக்கியரின் தலைப்பாகை, யூதரின் கிப்பா, முஸ்லிம்களின் ஹிஜாப் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். அழகுதான். ஆனால் அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், யாரையும் யாரும் மறிக்கவில்லை. அதனால் எங்களுக்கு ஆசியாவே கூடப் பிடித்தது.

தமிழில் இப்படி ஒரு படப் புத்தகம் யாழ்ப்பாணத்தில் இருந்து வரவேண்டாமா? சோனகதெருவில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு முப்பது வருசம் கழித்துத் திரும்பி வந்த ஒரு உம்மம்மாவின் சேலை முக்காடு. 83இல் பொட்டை அழித்த ஒரு அம்மம்மாவின் நெற்றி. இரண்டையும் ஒரே புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் வரைய ஒரு ஓவியர் கிடைக்கமாட்டாரா? எழுதுவதற்கு எங்களில் இரண்டு பேர் தயார். படம் கீறத்தான் ஆள் இல்லை.

அமெரிக்காவிலும் இந்தப் புத்தகத்துக்குக் கதவு அடைத்தவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் சென்ட்ரல் யோர்க் என்ற பள்ளி மாவட்டத்தில், 2020 முடிவில், வகுப்பில் பாவிக்கக்கூடாது என்று நிறுத்திவைத்த நீண்ட பட்டியலில் இதுவும் ஒன்று. 2021 செப்ரெம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள். எடுக்கவைத்தது உயர்தரப் பிள்ளைகள். காலையில் மணி அடிக்க முன்னம் பள்ளிக்கூட வாசலில் பதாகையோடு நின்றார்கள், நாள்தோறும். வெளியில் இருந்து பெரிய ஆட்கள் யாரும் வந்து காப்பாற்றவில்லை.

எங்களிடம் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வியையும் சொல்லவேணும். “உங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம்? படிச்சு முடிச்சு ஆசிரியர் நியமனம் எடுக்கிற வழியைப் பாருங்கோ.” ஓம், எடுப்பம். கலைப்பீடத்துப் பிள்ளைகளில் கனபேர் போய்ச் சேரும் இடம் வகுப்பறைதான். அங்கே போய் எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது என்ற பயத்தை இப்பவே பழகிக்கொண்டால், முப்பத்தைந்து வருசம் அதே பயத்தோடு பென்சன் வரைக்கும் போகலாம்.

ஆசிரியர் கலாசாலையிலும் கல்வியியற் கல்லூரியிலும் இருக்கிற சிநேகிதர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். படப் புத்தகம் வாசிக்க அனுமதி தேவை என்று எங்கேயும் எழுதியிருப்பதாக எங்களுக்கு யாரும் இதுவரை காட்டவில்லை. நாங்களும் கேட்டுப் பார்த்தோம், “அப்பிடித்தான்” என்ற பதில்தான் கிடைத்தது. தமிழ்ப் பாடத்தில் வாசிப்பு நேரம் இருக்கு. பின்னேர நூலக நேரம் இருக்கு. பத்து நிமிசம் காணும். முதலில் படத்தை மட்டும் காட்டுங்கோ, கதையைச் சொல்லாதேங்கோ. அந்தத் துணி என்ன என்று பிள்ளைகளையே ஊகிக்க விடுங்கோ. எங்கள் வகுப்பில் “கடல்” என்றது ஒன்று, “சுப்பர்மான் சால்வை” என்றது இன்னொன்று. பெற்றோர் தொலைபேசி எடுத்தால் அவர்களையும் வந்து இருந்து கேட்கச் சொல்லுங்கோ. எங்களுக்கு அந்த வாய்ப்புத் தரப்படவில்லை.

நாங்கள் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு சனசமூக நிலைய விறாந்தையில் வாசிக்கிறோம். முதல் கிழமை நான்கு பிள்ளைகள் வந்தார்கள். போன கிழமை பதினேழு. அதில் மூன்று பேர் பழைய தரம் 4 வகுப்புக்காரர், வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை. புத்தகம் எங்களிடம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கு, தமிழ்த் துண்டுகள் ஒட்டினபடி. இரவல் வேணுமெண்டால் எழுதுங்கோ, இரண்டு கிழமைக்குத் தருவம். எட்டாம் பக்கத்துத் துண்டு கழரப் பார்க்குது, கவனமாத் திருப்புங்கோ.